வீட்டில கட்டின காருக்கு நம்பர் பிளேட் எடுக்கிறது எப்பிடி: திருகோணமலை கராஜ்காரன் ஒருத்தன்ர முழு வழிகாட்டி

நிலாவெளி றோட்டில இருக்கிற என்ர கராஜுக்கு வாற பெடியள் இப்ப ஃபோனை நீட்டிக் காட்டிற படம் எல்லாம் ஒரே மாதிரித்தான், வீட்டுக்குப் பின்னால ஆரோ குழாயை வெட்டி வெல்ட் பண்ணி செஸி செய்து, பழைய காரில இருந்து எஞ்சினைத் தூக்கி வச்சு ஓடுற காணொளி, பிறகு கேக்கிற கேள்வியும் ஒண்டுதான், "அண்ணை, இதை நாங்களும் செய்து றோட்டில ஓடலாமா?" எண்டு. லண்டன்ல இருக்கிற எங்கட சனத்தின்ர பிள்ளையளும் இதையே கேக்கினம். என்ர அக்காவின்ர மகன் அங்க ஒரு கிட் கார் கட்டினவன், அதாவது பகுதி பகுதியா வாங்கி வீட்டில பூட்டிற கார். அவனுக்கு உதவிக்கு நான் விசிட் விசாவில போய் ஆறு மாசம் கிட்ட நிண்டு, முதல் டெஸ்ட் பெயிலாகினதையும் பார்த்துப்போட்டுத்தான் ஊருக்குத் திரும்பினன். ரெண்டாவது டெஸ்டை இங்க உப்புவெளியில இருந்து வட்ஸ்அப்பில பார்த்தன். அதில கண்டது, கை சுட்டது, கடைசில சரிவந்தது எல்லாத்தையும் இதில எழுதிறன். முதல்ல பிரித்தானியாவில செய்யிற முறை, பிறகு எங்கட ஊரில என்ன செய்யலாம் எண்டு.

ஒண்டை முதலே சொல்லிப்போடுறன். கார் கட்டிறது கையால, நம்பர் எடுக்கிறது பேப்பரால. ஸ்பானர் பிடிக்க முதல் ஃபைல் ஒண்டு வாங்குங்கோ. நான் முப்பது வருசமா கராஜ் நடத்திறன், பில் எண்டா ஒரு துண்டுக் கடதாசியில பென்சிலால எழுதிக் குடுக்கிறது, அந்தப் பழக்கத்தோட அங்க போய் முதல் மாசமே மருமகனிட்டை நல்லாப் பேச்சு வாங்கினன், அவன் சொன்னது சரி.

எதுக்கு இந்த டெஸ்ட்

கொம்பனியில செய்து வாற காரை அந்த மொடலுக்கு ஒருக்கா டெஸ்ட் பண்ணி அனுமதி எடுத்தாப் போதும், பிறகு அதே மாதிரி எத்தினை லட்சம் கார் வந்தாலும் பிரச்சினை இல்லை. நீங்க ஷெட்டுக்குள்ள கட்டினது உலகத்திலயே ஒண்டே ஒண்டு. அதால அந்த ஒண்டைத் தனியாக் கூப்பிட்டு, இது மற்ற ஆக்களுக்குப் பக்கத்தில றோட்டில ஓடத் தகுதியா எண்டு பாக்கினம். அதுதான் ஐவிஏ (Individual Vehicle Approval), ஒரு வாகனத்துக்கு எண்டு தனியாக் குடுக்கிற அனுமதி. 1998ல எஸ்விஏ எண்ட பேரில தொடங்கினது, 2009ல ஐவிஏயா மாறிச்சு. டெஸ்ட் பண்ணிறது டிவிஎஸ்ஏ, நம்பர் குடுக்கிறது சுவான்சியில இருக்கிற டிவிஎல்ஏ, ரெண்டும் வேற வேற இடம், இதைக் குழப்பிக்கொண்டு இங்க அனுப்புற பேப்பரை அங்க அனுப்பிற ஆக்கள் கன பேர். வட அயர்லாந்தில இருக்கிற ஆக்களுக்கு மட்டும் டெஸ்ட் பண்ணிறது டிவிஏ.

அந்த நாட்டில இந்தப் பழக்கம் வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. 1973 வரைக்கும் முழுக் காரா வாங்கினா பேர்ச்சேஸ் டாக்ஸ் கட்டோணும், பகுதி பகுதியா பெட்டியில வாங்கி வீட்டில பூட்டினா அந்த வரி இல்லை. 1957ல வந்த லோட்டஸ் செவன் அப்பிடித்தான் கன வீட்டு ஷெட்டுக்குள்ள போச்சு. 1973ல வாட் வந்து வரி லாபம் போனாலும் கையால கட்டிற ஆசை போகேல்லை, அதே வருசம் அந்த செவன் காரின்ர உரிமையை கேட்டர்ஹாம் எடுத்து இண்டைக்கும் செய்துகொண்டு இருக்கு. மருமகன் கட்டினதும் அந்தச் சாயல்தான், நீட்டு மூக்கு, ரெண்டு சீட், கதவு இல்லை, முன் சக்கரம் வெளியில தெரியும்.

முதல் வேலை: எந்த நம்பர் வேணும் எண்டு முடிவெடுங்கோ

இதைக் கடைசியில யோசிக்கிற ஆக்கள்தான் கூட, ஆனா இது கிட் வாங்க முதல் யோசிக்கவேண்டியது, ஏனெண்டா எந்த எந்தச் சாமானை எங்க இருந்து எடுக்கிறியள் எண்டதிலதான் நம்பர் தங்கியிருக்கு.

எல்லாச் சாமானும் புதுசு, அல்லது ஒரே ஒரு சாமான் மட்டும் புதுசு மாதிரி திருத்தி எடுத்தது, அதுக்கு ஆதாரமும் இருக்கு எண்டா அந்த வருசத்துப் புது நம்பர் கிடைக்கும். புது கிட் செஸியில ஒரு பழைய காரில இருந்து ரெண்டு பெரிய பகுதியாவது எடுத்துப் பூட்டினா, அந்தப் பழைய காரின்ர வயசுக்கேற்ற நம்பர் வரும். எந்தச் சாமான் எங்க இருந்து வந்தது எண்டு காட்ட ஏலாட்டி கியூ எழுத்தில தொடங்கிற பிளேட்தான். கியூ எண்டாலும் சட்டப்படி ஓடலாம், அதில பிழை இல்லை, ஆனா இந்த வண்டியின்ர வயசும் பிறப்பும் நிச்சயம் இல்லை எண்டு பின்னுக்கு எழுதி ஒட்டின மாதிரி, விக்கேக்க விலை விழும், இன்சூரன்ஸ்காரரும் கூடக் கேள்வி கேப்பினம். மூண்டு வருசம் உழைச்ச கார், நாலு ரிசீட் இல்லாத காரணத்தால அப்பிடிப் போகக் கூடாது.

பெரிய பகுதி எண்டு அவையள் கணக்கெடுக்கிறது செஸி அல்லது பொடி, சஸ்பென்ஷன், அக்ஸில், கியர்பொக்ஸ், ஸ்டியரிங், எஞ்சின். சீட்டும் ரேடியேட்டரும் இந்தக் கணக்கில வராது.

மருமகன் எடுத்தது 1996 ஒக்டோபர்ல பதிஞ்ச மஸ்டா எம்எக்ஸ்-5 ஒண்டு. அந்தக் காருக்கு கதவுக்குக் கீழ இருக்கிற பக்கவாட்டு சில் உக்கிப் போறது பேர்போன வியாதி, எஞ்சின் நல்லா இருக்கும், கியர்பொக்ஸ் நல்லா இருக்கும், பொடி கரைஞ்சுபோய் இருக்கும். கடற்காத்தில திருகோணமலை வாகனங்கள் கரையிறதை நாள்தோறும் பாக்கிற எனக்கு அதின்ர அடிப்பக்கத்தைக் குனிஞ்சு பார்த்த உடன விளங்கிச்சு, இதை வெல்ட் பண்ணிக் காப்பாத்திறதிலும் பார்க்க உள்ளுக்க இருக்கிறதைக் கழட்டி வேற செஸியில வைக்கிறதுதான் நல்லம் எண்டு. கிட் காருக்கு அதுதான் சரியான டோனர், அதாவது சாமான் குடுக்கிற பழைய கார், பொடி செத்து எஞ்சின் உயிரோட இருக்கிறது.

டோனர் வாங்கேக்க கவனிக்கவேண்டிய ஒண்டு, வி5சி எண்டு சொல்லுற லொக் புக், வாகனத்தின்ர பதிவுப் பத்திரம். அது இல்லாத காரை எவ்வளவு மலிவாக் குடுத்தாலும் வாங்காதேங்கோ. வாங்கின உடன உங்கட பேருக்கு மாத்துங்கோ, மாத்தி வந்த பிறகுதான் முதல் நட்டைக் கழட்டுங்கோ. கழட்ட முதல் முழுக் காரையும் நம்பர் பிளேட் தெரிய நாலு பக்கமும் படம் எடுங்கோ, எஞ்சின் நம்பரைக் கிட்டப் போய் எடுங்கோ. பிறகு வயசு நம்பருக்கு எழுதேக்க அந்த லொக் புக்கைக் குடுக்கவேணும்.

ரெண்டாவது: கட்டிற காலம்

செஸி பூட்டிற நுட்பத்தை இதில எழுதப்போறேல்லை, ஒவ்வொரு கிட்டுக்கும் ஒவ்வொரு முறை, கிட் விக்கிற ஆக்களே புத்தகம் தருவினம். நான் சொல்லுறது டெஸ்டையும் நம்பரையும் மனசில வச்சுக் கட்டிறது.

அமெச்சூரா கட்டின கார் எண்டு பதியவேணும் எண்டா வேலையில பெரும் பங்கு நீங்களே செய்தது, உங்கட சொந்தப் பாவனைக்குச் செய்தது எண்டு காட்டவேணும். அதுக்கு வெறும் கார்ப் படம் காணாது, நீங்க நிண்டு வேலை செய்யிற படம் வேணும். மருமகனின்ர முதல் நாலு மாசப் படத்தில அவன் எங்கயுமே இல்லை, செஸி மட்டும் அழகா நிக்குது. நான் போன பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை தொடங்கேக்க ஒண்டு, முடியேக்க ஒண்டு எண்டு அவனையும் சேர்த்து எடுத்தம். ரிசீட் எல்லாம் ஒரே ஃபைல்ல, திகதி வாரியா, அதிலயும் எஞ்சின், கியர்பொக்ஸ், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டது வேற கலர் பிரிப்பானுக்குள்ள.

செஸி நம்பர், அதாவது வின், 17 எழுத்து. கிட் கொம்பனி செஸியில அடிச்சுத் தந்தா அது இருக்கு. நீங்களே குழாய் வெட்டி செய்த செஸி எண்டா டிவிஎல்ஏயிட்டை நம்பர் வாங்கி அடிக்கவேணும். அடிக்கிறது செஸியின்ர வலது பக்கத்தில, கண்ணுக்குத் தெரியிற இடத்தில, பெயின்ட் அடிச்சு மூடாத மாதிரி. அதோட அக்ஸில் நிறை எல்லாம் எழுதின தகடு ஒண்டும் வேணும்.

டெஸ்டுக்கு எண்டு ஒரு மனுவல் இருக்கு, இணையத்தில சும்மா கிடைக்கும், பெரிய புத்தகம். அதை முழுக்க வாசியுங்கோ எண்டு சொன்னா ஒருத்தரும் வாசிக்க மாட்டினம், அதால நாங்கள் செய்தது என்னெண்டா பிரேக் பூட்ட முதல் நாள் ராத்திரி பிரேக் பகுதி, லைட் பூட்ட முதல் நாள் லைட் பகுதி. நான் மனுவலை விரிச்சு வச்சு ஒவ்வொரு வரியாக் கேப்பன், அவன் காரைப் பார்த்து ஓம் இல்லை எண்டு சொல்லுவான். பூட்டினாப் பிறகு கழட்டிறதிலும் அது லேசு.

கனக்கப் பேர் பிழை விடுற இடங்களை மட்டும் சொல்லுறன்.

பிரேக்: ரெண்டு சேர்க்கிட் வேணும், ஒண்டு உடைஞ்சாலும் மற்றது பிடிக்க. பிரேக் ஒயில் குறைஞ்சா டாஷ்போட்டில எரியிற லைட் வேணும். பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முதல் லொக் ஆகக் கூடாது. இந்த மாதிரி லேசான காருக்கு அது பெரிய விசயம், டோனர் காரின்ர பாரம் வேற உங்கட காரின்ர பாரம் வேற, அந்தப் பாரத்துக்கு எண்டு செய்த பிரேக்கை அப்பிடியே தூக்கி வச்சா பின்னுக்குக் கூடப் பிடிக்கும், பிரேக் அடிச்ச உடன கார் சுத்தும். ஹாண்ட் பிரேக் மெக்கானிக்கலா, கேபிள் மாதிரி ஒண்டால வேலை செய்யவேணும். பிரேக் பைப்பை கிளிப் போட்டு இறுக்கிறதில கஞ்சத்தனம் வேண்டாம்.

சீட் பெல்ட்: அந்த போல்ட்டின்ர மரை 7/16 யூஎன்எஃப் எண்ட அங்குல அளவு, மெட்ரிக் போல்ட்டை வலுக்கட்டாயமா ஏத்தாதேங்கோ. கனக்கக் காருக்கு இது பொருந்தும், என்ர கராஜிலயும் நான் இதைப் பெடியளுக்குச் சொல்லுறது.

லைட்: ஒவ்வொரு லைட்டிலயும் கண்ணாடியிலயும் ஒரு வட்டத்துக்குள்ள ஈ (E) எழுத்தும் நம்பரும் அச்சடிச்சு இருக்கவேணும். மலிவா ஓன்லைன்ல வாங்கிற கனக்கச் சாமானில அது இல்லை. பின்பக்கத்து ஃபொக் லைட், அது எரியேக்க டாஷ்போட்டில தெரியிற அடையாள லைட், ரிவேர்ஸ் லைட் எல்லாம் மறக்காதேங்கோ. எங்கட ஊரில ஃபொக் லைட்டை ஆரும் தேடிறேல்லை, அதால நானே அதை மறந்துபோய் வயர் இழுத்து முடிஞ்ச பிறகு திரும்ப இழுத்தம்.

சத்தம்: மைக்கை சைலன்சர் வாயில இருந்து அரை மீற்றர் தள்ளி 45 பாகை சாய்வில வச்சு, எஞ்சின் உச்ச சக்தி குடுக்கிற சுத்தில முக்கால் பங்குக்கு ஏத்திப் பாப்பினம். நிமிசத்துக்கு 6500 சுத்தில உச்சம் எண்டா 4875. அதில 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. பக்கவாட்டால வெளியில வாற சின்னச் சைலன்சருக்கு இது கஷ்டம், டெஸ்டுக்கு முதல் ஒருக்கா வீட்டிலயே அளந்து பாருங்கோ.

புகை: எஞ்சின்ர வயசுக்கு ஏற்ற அளவு. அதால எஞ்சின் எந்த வருசம் செய்தது எண்டதுக்கு ஆதாரம் இல்லாட்டி புது எஞ்சினுக்கு உள்ள கடுமையான அளவில பிடிபடலாம், டோனரின்ர லொக் புக் இங்கயும் கைகுடுக்கும்.

வேகமானி: உண்மை வேகத்திலும் பார்க்கக் குறைச்சுக் காட்டவே கூடாது. கூடக் காட்டலாம், ஆனா உண்மை வேகத்தில 10 சதவீதத்தோட 6.25 மைல் சேர்த்த அளவைத் தாண்டக் கூடாது. 60 மைலில ஓடினா ஊசி 60க்கும் 72.25க்கும் நடுவில நிக்கவேணும். ரயர் சைஸ் மாத்தினா இது மாறும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா மறக்கிறதும் இதைத்தான்.

இவ்வளவோட ஸ்டியரிங் லொக் அல்லது இம்மொபிலைசர், பெற்றோல் மூடி தொலையாம இருக்கச் சங்கிலி, ஹோர்ன், முக்கியமான நட்டுக்கு எல்லாம் கழராத லொக் நட். இதுகள் சின்ன விசயம், ஒரு நாள் வேலை.

கூர் விளிம்பு, இதில தான் எல்லாரும் விழுகிறது

இதைக் கொஞ்சம் விரிச்சு எழுதிறன், ஏனெண்டா எங்களுக்கும் இதிலதான் அடி விழுந்தது.

றோட்டில நடந்து போற ஒரு ஆளை, சைக்கிள்ல போற ஒரு பிள்ளையைக் கார் லேசா உரசினா என்ன நடக்கும்? அந்த உடம்பில படக்கூடிய விளிம்பு ஒண்டும் வெட்டக் கூடாது. அதுக்கு அவையள் வச்சிருக்கிற அளவுகோல் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு பந்து. அந்தப் பந்து போய்த் தொடக்கூடிய வெளிப்பக்கத்து விளிம்பு எல்லாம் குறைஞ்சது 2.5 மில்லிமீற்றர் ஆரத்தில உருண்டையா இருக்கவேணும். பந்து தொடாத பள்ளத்துக்குள்ள இருக்கிற போல்ட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மூடின காருக்கு இது பெரிய தலையிடி இல்லை, முன் சக்கரமும் சஸ்பென்ஷனும் வெளியில தெரியிற செவன் மாதிரிக் காருக்கு ஒவ்வொரு நட்டும், ஒவ்வொரு தகட்டு விளிம்பும் கணக்கில வரும். உள்ளுக்கும் அப்பிடித்தான், டாஷ்போட், சுவிச், கண்ணாடி பிடிக்கிற கம்பி எண்டு தலை போய் அடிக்கக்கூடிய இடம் எல்லாம் பாப்பினம்.

நாங்கள் எல்லா நட்டுக்கும் பிளாஸ்டிக் தொப்பி போட்டம், தகட்டு விளிம்புக்கு றப்பர் பீடிங் ஓட்டினம், ரெண்டு ராத்திரி அரம் பிடிச்சு உரஞ்சினம். டெஸ்ட் அண்டைக்கு பரிசோதகர் வந்து காரைச் சுத்தி ஒருக்கா நடந்தார், ஒண்டும் சொல்லேல்லை. பிறகு முன் ஹெட்லைட் பிராக்கெட்டுக்குப் பின்னால, மேல இருந்து பார்த்தாத் தெரியாத இடத்தில, விரலை விட்டு மெல்லத் தடவினார். விரல் நிண்ட இடத்தில பந்தை வச்சார், பந்து தொட்டுது. நான் குனிஞ்சு பார்த்தன். பிராக்கெட் தகட்டின்ர கீழ் மூலை, ஒரு அரிசி மணியளவு, நாங்கள் மேல் மூலையை மட்டும் உருட்டிப்போட்டு கீழ் மூலையை விட்டிருக்கிறம். கையை வச்சா இப்பவும் எனக்கு அந்தக் கூர் தெரியும். அதை எழுதினார்.

இப்ப நான் கராஜில பெடியளுக்கு இதைக் காட்டிறது வலை மிதப்பால. கடற்கரையில கிடக்கிற உருண்டை மிதப்பில 100 மில்லிமீற்றருக்குக் கிட்ட வாறது ஒண்டைத் தேடி எடுத்து வச்சிருக்கிறன், வாற ஓட்டோவில, வானில எல்லாம் அதை உருட்டிக் காட்டுவன், இங்க தொடுது பார், இதில பிள்ளை விழுந்தா என்ன நடக்கும் பார் எண்டு. நீங்களும் அந்த அளவில ஒரு பந்து செய்து கையில வச்சுக்கொண்டு காரைச் சுத்துங்கோ. மேல இருந்து மட்டும் பார்க்காதேங்கோ, நிலத்தில படுத்து, ஒரு பிள்ளையின்ர உயரத்தில இருந்து பாருங்கோ.

மூண்டாவது: டெஸ்ட் நாள்

விண்ணப்ப ஃபோம் ஐவிஏ 1சி. அதோட நீங்களே கட்டினதுக்கான உறுதிமொழியும் ஆதாரமும். கட்டணம் பல நூறு பவுண், அதால ஒருக்காப் பார்ப்பம் எண்டு போகிற டெஸ்ட் இல்லை இது. நம்பர் இல்லாத காருக்கு செஸி நம்பரில இன்சூரன்ஸ் எடுக்கலாம், அப்பிடி எடுத்து, முன்கூட்டியே பதிஞ்ச டெஸ்டுக்கு ஓடிக்கொண்டு போகிற ஆக்களும் இருக்கினம். என்ர அபிப்பிராயம் டிரெய்லர்ல ஏத்துங்கோ. ஒரு நாளும் தூரம் ஓடாத காரின்ர முதல் ஓட்டம் டெஸ்ட் ஸ்டேசனுக்குப் போற பெருந்தெருவில வேண்டாம்.

டெஸ்ட் அரை நாளுக்கு மேல போகும். காரை நிறுப்பினம், பிட்டுக்கு மேல ஏத்திக் கீழ் பக்கம் பாப்பினம், ரோலர்ல பிரேக் பாப்பினம், பிறகு ஓடிப் பாப்பினம். கூட நிண்டு பாக்கலாம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ, வாதாடாதேங்கோ. எங்களைப் பார்த்த பரிசோதகர் நல்ல பொறுமைசாலி, எது பிழை எண்டு தொட்டுக் காட்டினார். ஒரு சின்னப் பை கொண்டு போங்கோ: அரம், சாண்ட் பேப்பர், றப்பர் பீடிங், கேபிள் டை, மிச்ச நட் தொப்பி. சின்னப் பிழையை அங்கயே நிண்டு திருத்த விடுறதும் உண்டு.

எங்கட பெயிலுக்கு ரெண்டாவது காரணம் ஸ்டியரிங். முழுக்கத் திருப்பிப்போட்டு மெதுவா ஓடேக்க வளையத்தைக் கையால விட்டா அது தானா நடுவுக்குத் திரும்பப் பார்க்கவேணும். எங்கட கார் திருப்பின இடத்திலயே நிண்டுது. மூக்கில பாரம் குறைஞ்ச காருக்கு இது வழமை. மருமகன் முகம் கறுத்துப்போச்சு, "மாமா, ஸ்டியரிங் முழுக்க மாத்தோணுமோ" எண்டு கேட்டான். "நீ பயப்பிடாத, காஸ்டர் காணாது, அவ்வளவுதான்" எண்டன். காஸ்டர் எண்டா முன் சக்கரம் சுழலுற அச்சு பக்கவாட்டில பார்த்தா எவ்வளவு பின்பக்கம் சாஞ்சிருக்கு எண்டது. சைக்கிள்ல முன் ஃபோர்க் சாஞ்சு இருக்கிறதும் கையை விட்டாலும் நேரப் போக உதவுது, அதே கணக்கு. சக்கரத்தை மேல்பக்கத்தில பிடிக்கிற ஆமின்ர (arm) மூட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டினா அந்தச் சாய்வு கூடும். எங்கட கிட்டில அதுக்கு வாஷர் மாத்தி வைக்கிற இடம் இருந்தது, மூட்டு பின்னுக்குப் போற மாதிரி வாஷரை மாத்தி வச்சம், திரும்ப வீல் அலைன்மெண்ட் பார்த்தம். அந்த வேலை முடிஞ்ச கிழமை எனக்கு விசா முடிஞ்சுது, கட்டுநாயக்கா வந்து இறங்கினன்.

மறு டெஸ்ட் நடக்கேக்க இங்க பின்னேரம். மருமகன் கார்ப் பார்க்கில ஓடிப் பாக்கேக்க ஆரோ எடுத்த காணொளியை அனுப்பினான், ஸ்டியரிங் வளையம் அவன்ர கைக்குள்ள தானாச் சுத்தி நேராகுது. நான் அதை நாலஞ்சு தரம் போட்டுப் பார்த்தன். மறு டெஸ்டில பெயிலான விசயங்களைத்தான் முக்கியமாப் பாப்பினம், பாஸாகினா ஐவிஏ சான்றிதழ் தருவினம், அது இல்லாம டிவிஎல்ஏ பக்கம் போக ஏலாது.

நாலாவது: நம்பர்

இப்பதான் அந்த ஃபைலுக்கு வேலை. வி627/1 எண்ட ஃபோம், கட்டின வாகனத்தின்ர விவரம் முழுக்க எழுதிறது, எஞ்சின் எங்க இருந்து, கியர்பொக்ஸ் எங்க இருந்து எண்டு ஒவ்வொண்டா. பதிவுக்கான ஃபோம், பழைய சாமான் கலந்த காருக்கு வி55/5, முழுக்கப் புதுசுக்கு வி55/4. ஐவிஏ சான்றிதழ், ரிசீட், படங்கள், டோனரின்ர வி5சி, உங்கட அடையாளமும் விலாசமும் காட்டிற பத்திரம். பதிவுக் கட்டணம் 55 பவுண், வாகன வரி வேற. அனுப்ப முதல் எல்லாத்தையும் கொப்பி எடுத்து வையுங்கோ, பதிவுத் தபாலில அனுப்புங்கோ. காரைக் கண்ணால பாக்கவேணும் எண்டு ஆளை அனுப்பவும் கூடும், அதுக்குள்ள காரில ஒண்டையும் மாத்தாதேங்கோ. ஃபோமில எழுதின எஞ்சின் நம்பரும் எஞ்சின்ல இருக்கிற நம்பரும் ஒரு எழுத்துப் பிசகினாலும் திரும்பி வரும், ரெண்டு பேர் இருந்து ஒருத்தர் வாசிக்க மற்றவர் சரிபாருங்கோ.

மருமகனுக்கு வந்தது பி (P) எழுத்தில தொடங்கிற நம்பர், 1996 ஓகஸ்டில இருந்து 1997 ஜூலை வரைக்கும் பதிஞ்ச கார்களுக்கு உள்ள எழுத்து. உக்கிப்போன அந்த மஸ்டாவின்ர வயசு இதுக்கு வந்துட்டுது. நம்பர் வந்தாப் பிறகு பிளேட் அடிக்கிறது பதிவு செய்த கடையிலதான், அதோட இன்சூரன்ஸ்காரருக்கு செஸி நம்பரை மாத்தி இந்த நம்பரைக் குடுக்கவேணும், அதை மறந்தா றோட்டில மறிச்சாப் பிரச்சினை.

சரி, திருகோணமலையில?

இனி எங்கட பெடியளுக்கு. இலங்கையில வாகனத்தை முதல் தரம் பதியிறது கொழும்பு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில, 1951ம் ஆண்டு 14ம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்குக் கீழ. இறக்கின வாகனம் எண்டா சுங்கப் பத்திரம் கையில இருக்கும், அதில செஸி நம்பர் இருக்கும், அதை வச்சுத்தான் புக், அதாவது வாகனப் பதிவுப் புத்தகம் வரும். வீட்டில குழாய் வெட்டிச் செய்ததுக்கு அந்தப் பத்திரம் இல்லை. அதால ஆசையில செஸியை வெல்ட் பண்ணி முடிச்சுப்போட்டு நம்பருக்கு ஓடித் திரிஞ்சு காசையும் காலத்தையும் கரைக்காதேங்கோ. உங்கட காணிக்குள்ள ஓடிப் பழக எண்டா செய்யுங்கோ, அது வேற.

இன்னொண்டு, செத்த வாகனத்தின்ர புக்கை வாங்கி அந்த நம்பரைப் புதுச் செஸியில அடிக்கிற யோசனை சொல்லுற ஆக்கள் இருப்பினம். அது களவு, பிடிபட்டா வாகனமும் போகும், வழக்கும் வரும், உங்களிட்டை வாங்கினவனும் சேர்ந்து மாட்டுவான். 2020 மார்ச்சில இருந்து 2025 வரைக்கும் வாகன இறக்குமதி நிண்டு பழைய வண்டி எல்லாம் தங்க விலைக்குப் போன காலத்தில புக்குக்கு மட்டும் காசு குடுக்க ஆக்கள் அலைஞ்சவை, என்ர கராஜுக்கும் வந்து கேட்டவை, வாசலிலயே அனுப்பிப்போட்டன்.

கையால கட்டிற ஆசைக்கு இங்க நேரான வழி, உண்மையான புக் உள்ள பழைய கார் ஒண்டை எடுத்து நட்டு நட்டாக் கழட்டித் திரும்பக் கட்டிறது. மொறிஸ் மைனர் எடுங்கோ, 1948ல இருந்து 1971 வரைக்கும் செய்தது, எஞ்சின் லேசு, ஸ்பானர் ரெண்டு மூண்டோட வேலை முடியும், முதல் கார் கட்டிற பெடியனுக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. எஞ்சின் மாத்தினாலோ கலர் மாத்தினாலோ பொடியின்ர வடிவத்தை மாத்தினாலோ திணைக்களத்துக்கு அறிவிச்சு புக்கில ஏத்தவேணும், வேலை தொடங்க முதல் போய்க் கேளுங்கோ, முடிச்சுப்போட்டுப் போகாதேங்கோ. மாத்தின எஞ்சினுக்கு வாங்கின பில் கட்டாயம் வையுங்கோ. பிறகு வருசா வருசம் இன்சூரன்ஸ், புகைச் சோதனை, ரெவனியூ லைசன்ஸ், வழமைதான். கனகாலம் நிண்ட கார் எண்டா எத்தினை வருச வரி நிலுவை எண்டு பிரதேச செயலகத்தில விசாரிச்சு அதையும் விலையில கழிச்சுப் பேசுங்கோ.

வாங்கப் போகேக்க கம்பி பிரஷ் ஒண்டு, மெல்லிய வெள்ளைக் கடதாசி, பென்சில் கொண்டு போங்கோ. செஸி நம்பர் இருக்கிற இடத்தைத் துருப் போக பிரஷால தேயுங்கோ, மெல்லமா, நம்பரையே தேய்ச்சுப் போடாம. மேல கடதாசியை வச்சுப் பென்சிலால சாய்ச்சு உரஞ்சினா எழுத்து வெள்ளையா எழும்பும். சுத்தி இருக்கிற இரும்பில கிரைண்டர் பிடிச்ச அடையாளம் இருக்கோ, ஒரு எழுத்து மட்டும் மற்றதிலும் ஆழமா இருக்கோ எண்டு வெயிலில பிடிச்சுப் பாருங்கோ. பிறகு அந்தக் கடதாசியைப் புக்குக்குப் பக்கத்தில வச்சு ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்கோ. ஒரு எழுத்து இடிச்சாலும் கார் எவ்வளவு வடிவா இருந்தாலும், விக்கிறவர் எவ்வளவு தெரிஞ்ச ஆளா இருந்தாலும், காசை எடுக்காம வீட்ட வாங்கோ.